கடைசி பெஞ்சிலிருந்து ஒரு ‘அப்புறம்?’

இந்த அரங்கின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர்களே, முதல் வணக்கம் உங்களுக்கு. மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, துறைத்தலைவர்களே, கோபித்துக்கொள்ள வேண்டாம். இன்று நாம் யாரை நினைத்துக் கூடியிருக்கிறோமோ, அந்தப் பேராசிரியர் அம்மையார் பின்னாலிருந்துதான் எதையும் தொடங்குவார். அம்மையாரின் கணவரே, எங்களுக்கெல்லாம் அண்ணனே, அவரிடம் படித்தவர்களே, இந்தப் பருவம் வரை படித்துக்கொண்டிருந்தவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். இயற்பியல் துறையில் என் வகுப்பும் அம்மையாரின் வகுப்பும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். என் பக்கத்தில் என் குரல் மட்டும் கேட்கும். அவர் பக்கத்தில் சிரிப்புக் கேட்கும், சண்டை கேட்கும், நாற்காலி நகரும், யாரோ ஒருவர் “இருடா, நான் சொல்றேன்” என்று கத்துவார். அவருடைய குரல் மட்டும் கேட்கவே கேட்காது! காதைச் சுவரில் வைத்தால் எப்போதாவது ஒரு சொல் வரும்: “அப்புறம்?”

அதனால்தானே மாணவர்கள் அவருக்கு ‘அப்புறம் மேடம்’ என்று பெயர் வைத்தார்கள்? பட்டப்பெயர் என்றால் ஆசிரியர்களுக்கு ஆகாது. அம்மையாரோ அதைக் கேட்டுவிட்டு, “பரவாயில்லையே, சுருக்கமா இருக்கு” என்றார்.

அவர் பிறவியிலேயே கடைசி பெஞ்சுக்காரர் அல்ல. ஆரம்பத்தில் அவரைப் போல மேடையில் நின்று தெளிவாகப் பாடம் நடத்தியவர் இந்தக் கல்லூரியில் இல்லை. ஒருமுறை தொண்டை கட்டிக்கொண்டது. பேசவே கூடாது என்றார் மருத்துவர். விடுப்பு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினார், முதல் வரிசை மாணவன் கையில் சாக்பீஸைக் கொடுத்தார், போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். வகுப்பு விழித்தது. சாக்பீஸ் கை மாறிக் கை மாறிப் போனது. ஒருவன் பாதிவரை போட்டான், அடுத்தவள் அதை அழித்தாள், அழித்ததற்குச் சண்டை வந்தது, சண்டையில் விடை வந்தது!

தொண்டை சரியாயிற்று. குரல் திரும்பி வந்தது. அம்மையார்தான் முன்னால் திரும்பி வரவில்லை.

நான் கேட்டேன்: “என்ன மேடம், வேலையைப் பசங்க தலையில கட்டிட்டீங்களா?”

“சார், நீங்க சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டப்போ உங்க அப்பா எங்க இருந்தாரு? முன்னாடியா?”

பின்னால்தான் இருந்தார். கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். பிடித்திருக்கிறார் என்று நம்பித்தான் நான் மிதித்தேன். அவர் எப்போது விட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நண்பர்களே, கற்பித்தல் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேட்டதில்லை.

பின்னால் உட்காருவது சும்மா உட்காருவதா? இல்லவே இல்லை! எந்தக் கணக்கில் எந்த வரியில் யார் சறுக்குவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு வருவார். பலகைப் பக்கம் வரவே கூச்சப்படும் பிள்ளையைக் கேன்டீனில் எதிரே உட்கார வைத்து, மேசையில் சிந்திய தேநீரிலேயே படம் வரைய விடுவார். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை பலகை முன்னால் நிற்கும். வீட்டிலும் இதே கதைதான் என்று அண்ணன் சொல்வார். “குழம்புல உப்பு போட்டாச்சான்னு கேட்டா, ‘ருசி பாருங்க’ன்னு கரண்டியை நீட்டிடுவா. இப்ப நான்தான் வீட்ல சமையல். கத்துக் குடுத்தாளா, ஏமாத்தினாளான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.” சிரியுங்கள், தவறில்லை. அண்ணனே சிரிக்கிறார்.

இனி அந்த ஏணிக் கதைக்கு வருகிறேன். சிறந்த கற்பித்தலுக்கான விருதுக்கு அம்மையாரின் பெயரைத் துறை பரிந்துரைத்தது. பார்வையிட வெளியிலிருந்து ஒரு மூத்த பேராசிரியர் வந்தார். கறாரான மனிதர். வகுப்புக்குள் நுழைந்தால் மேடை காலி. பலகையில் ஒரு மாணவன் சுவரில் சாய்த்த ஏணியை வரைந்து, மேலே ஏறும் ஆள் எந்தப் படியில் இருக்கும்போது ஏணி சறுக்கும் என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறான். வந்தவர் கடைசி பெஞ்சுக்குப் போய் அங்கிருந்த அம்மாவிடம் கேட்டார்: “புரொபசர் எங்கேம்மா?”

“வகுப்பு நடக்குது சார். உக்காருங்க.”

உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சாக்பீஸ் அவர் கைக்கு வந்துவிட்டது. மறுக்க முடியுமா? பிள்ளைகள் எல்லோரும் பார்க்கிறார்கள். எழுந்து போனார், மளமளவென்று போட்டார். அவசரத்தில், ஏணியின் அடியில் உராய்வைக் காட்டும் அம்புக்குறியைச் சுவரை நோக்கிப் போடாமல் வெளிப்பக்கமாகப் போட்டுவிட்டார். வகுப்பில் ஒருத்தி எழுந்தாள்: “சார், நீங்க ஏணியைப் புடிக்கல. உதைச்சு விடுறீங்க!”

வகுப்பே சிரித்தது. அவர் பலகையைப் பார்த்தபடி நின்றார். பின்னாலிருந்து மெல்ல ஒரு குரல்: “அப்புறம்?”

அவர் கணக்கை முடிக்கவில்லை. கைக்குட்டையால் சாக்பீஸ் தூளைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அறிக்கை மட்டும் வந்தது. ஒரே வரி: ‘இந்த வகுப்பில் ஆசிரியர் கற்பிக்கவில்லை; மாணவர்களே கற்பிக்கிறார்கள்.’

விருது போயிற்று. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அப்போதிருந்த முதல்வர் அம்மையாரை அழைத்தார். “இனிமே முன்னாடி நின்னு நடத்துங்க. இல்லன்னா இந்தப் பாடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்.”

அம்மையார் சொன்ன பதிலை அறைக்கு வெளியே நின்ற நான் என் காதால் கேட்டேன். “முன்னாடி நின்னும் பாத்துட்டேன் சார். நான் நின்னா பசங்க உக்காந்துடுறாங்க.”

ஒரு பருவம் அவகாசம் கிடைத்தது. அதற்குள் என்ன செய்வார்? யாரிடம் போய் முறையிடுவார்? முறையிடவில்லை. வழக்கம்போலப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

ஒரு நாள் காலை, யாரும் அழைக்காமல் அந்தக் கறாரான மனிதர் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மறுபடியும் பார்வையிடவா சார்?”

“இல்லம்மா. அந்த ஏணி என்னை விட மாட்டேங்குது. வீட்ல போட்டா உடனே வருது. ஆனா அந்தப் பொண்ணு முன்னாடி போட்டு முடிக்கணும்.”

போட்டு முடித்தார்! அந்தப் பெண் எழுந்து கைதட்டினாள். அதன்பின் அவர் அடிக்கடி வந்தார். மறுபடி விருதுக் குழு கூடியபோது, பழைய அறிக்கையை அவரே கையில் எடுத்தார். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. குறையாக எழுதிய அதே வரியை, அம்மையாருக்கு விருது கொடுத்த விழாவில் பாராட்டுரையாக வாசித்தார்: ‘இந்த வகுப்பில் ஆசிரியர் கற்பிக்கவில்லை; மாணவர்களே கற்பிக்கிறார்கள்.’ இதே அரங்கம்தான். அன்று எழுந்த கைதட்டல் என் காதில் இன்னும் இருக்கிறது. பாடத்தைப் பிடுங்கும் பேச்சு அதோடு அடங்கியது.

பெரியோர்களே, இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொன்னேன்? காரணம் இருக்கிறது. சற்று முன் நம் முதல்வர் ஒரு நல்ல செய்தி சொன்னார். சிறந்த கற்பித்தலுக்கான விருது இனி அம்மையாரின் பெயரால் வழங்கப்படும் என்றார். என் மனம் குளிர்ந்தது. இப்போது வகுப்பறைகளில் கேமரா வைத்திருக்கிறீர்கள். அந்தப் பதிவைப் பார்த்துத்தான் தேர்வு என்றும் சொன்னார். நான் வரும் வழியில் ஒரு வகுப்பை எட்டிப் பார்த்தேன். கேமரா எதைப் பார்க்கிறது? மேடையைப் பார்க்கிறது! அம்மையாரின் வகுப்பை அது பதிவு செய்தால் என்ன தெரியும்? ஒரு காலி நாற்காலி தெரியும். அம்மையார் பெயரில் ஒரு விருது, அந்த விருது அம்மையாருக்கே கிடைக்காது! இது அடுக்குமா?

நான் கேட்பது கௌரவத்துக்காக மட்டும் அல்ல. ஏணியை உதைப்பதாகச் சொன்ன அந்தப் பெண் இன்று நம் துறையின் விரிவுரையாளர்; அதோ, வாசலோரம் நிற்கிறார். அம்மையாரின் வகுப்பைத் திங்கட்கிழமை முதல் அவர்தான் எடுக்கிறார். நேற்று என்னிடம் கேட்டார்: “சார், நான் பின்னாடி உக்காரலாமா? கேமராவில இல்லன்னா வகுப்புக்கே வரலைன்னு எழுதிடுவாங்களே.” அம்மையார் ஒரு பருவ அவகாசத்தில் ஜெயித்த வழக்கை இந்தப் பிள்ளை மறுபடி முதலிலிருந்து வாதாட வேண்டுமா?

முதல்வர் அவர்களே, பெரிய செலவில்லை. ஒரு திருகாணியைத் தளர்த்திக் கேமராவைத் திருப்பி வையுங்கள். ஆசிரியர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். விருதுக்குத் தேர்ந்தெடுக்க வருகிறவர், கடைசி பெஞ்சில் உட்காரட்டும், ஒரு தடவையாவது பலகைக்குப் போகட்டும், தப்பாகப் போட்டாலும் சரி.

முதல்வர் தலையசைக்கிறார். சபையோரே, பார்த்துக்கொண்டீர்களா? நீங்கள்தான் சாட்சி. அம்மா விரிவுரையாளரே, திங்கட்கிழமை எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள்.

என் பங்குக்கு நானும் உறுதி சொல்கிறேன். என்னைப் போல வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் பழைய ஆசிரியர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். முறை வைத்துக்கொண்டு வருவோம், அந்த பெஞ்சில் உட்காருவோம். சாக்பீஸ் கைக்கு வந்தால் எழுந்து போவோம். அம்மையாருக்கு நாம் செய்யும் அஞ்சலி அதுதான்.

அவர் நிறைவாக வாழ்ந்தார். கண்ணீர் வரத்தான் செய்கிறது. ஆனால் குறைப்பட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. இனி நான் பேசிக்கொண்டே இருந்தால் அவருக்குப் பிடிக்காது. இதோ, இந்த ஒலிபெருக்கியை விட்டுவிட்டு இறங்கிப் போய்ப் பின்னால் உட்காரப் போகிறேன். அவரிடம் படித்தவர் யாராவது எழுந்து வந்து உங்கள் கதையைச் சொல்லுங்கள். பாதியில் திணறி நின்றால் பயப்பட வேண்டாம். கடைசி வரிசையிலிருந்து அந்த ஒரு சொல் வரும். அவருடைய குரல் இல்லை, என் கிழட்டுக் குரல்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.