இசைப் பாடத்துக்கு ஒரு பிள்ளை குறைகிறது

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, பள்ளியின் பாரத்தைப் பல்லாண்டு சுமந்துவரும் நிர்வாகக் குழுப் பெரியோர்களே, வேலை விட்ட கையோடு முகம்கூடக் கழுவாமல் ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, என்னைப் பார்ப்பதா கைபேசியைப் பார்ப்பதா என்று தவிக்கும் தந்தைமார்களே, சுவரோரம் நிற்கும் செல்வங்களே, ஓய்வுபெற்ற இந்த இசை ஆசிரியையின் வணக்கம்.

களைத்திருக்கிறீர்கள். நானும் களைத்திருக்கிறேன். ஆண்டுதோறும் இதே மேடை, இதே கரகரக்கும் ஒலிபெருக்கி, இதே கேள்வி: பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் இசையை ஒரு பாடமாகப் படிக்கத்தான் வேண்டுமா? ஓய்வு பெற்றால் இந்தக் கேள்வியிலிருந்தும் ஓய்வு கிடைக்கும் என்று நினைத்தேன். விட்டார்களா? ஆள் அனுப்பிக் கூட்டிவந்துவிட்டார்கள்.

என்ன ஐயா? "மைக்கைக் கிட்ட வைங்க டீச்சர்" என்கிறீர்களா? வைக்கிறேன். அதற்கும் எனக்கும் என்றைக்குமே ஒத்துப்போனதில்லை.

விஷயம் இதுதான். இந்த ஆண்டு இசைப் பாடத்துக்கு ஒரே ஒரு பிள்ளை குறைகிறது. அந்த ஒன்று சேராவிட்டால் பாடத்தை மூடிவிடுவார்கள். சேர ஆசைப்படும் பெண் அதோ, தூணருகே நிற்கிறாள். சம்மதம் சொல்ல வேண்டிய அவள் அப்பா, லாரி மெக்கானிக், முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். உள்ளே வரும்போதே என்னை மடக்கிக் கேட்டார்: "பாட்டுப் படிச்சா சோறு வருமா டீச்சர்?"

வரும் என்று சொல்லமாட்டேன். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது; அது முழு உண்மையும் அல்ல. என்னிடம் படித்தவர்களில் பாடிப் பிழைப்பவர்கள் குறைவு. பல் மருத்துவர் இருக்கிறார், பேருந்து ஓட்டுபவர் இருக்கிறார். பின் எதற்கு இந்தப் பாடம்? ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன்.

எங்களுக்குக் கொடுத்திருந்த வகுப்பறை தண்ணீர் மோட்டாருக்கு அடுத்த அறை. பாடம் தொடங்கும், மோட்டாரும் தொடங்கும். சுருதிப் பெட்டியின் ஓசை எங்கள் காதுக்கே எட்டாது. மோட்டாரோடு மல்லுக்கட்ட முடியுமா? அதன் ரீங்காரத்தையே சுருதியாக வைத்துக்கொண்டோம். ஆண்டு முழுவதும் அதோடு சேர்ந்தே பாடினோம். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அது நல்ல சுருதிதான்.

செய்முறைத் தேர்வு வந்தது. வெளியிலிருந்து தேர்வாளர் அம்மையார் வந்தார். பிள்ளைகளுக்கு இடைஞ்சல் வேண்டாமே என்று, நல்ல மனதோடு, மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டது அலுவலகம். அறை அமைதியானது. அந்த அமைதியில் பிள்ளைகள் ஆளுக்கொரு சுருதியில் தொடங்கினார்கள். காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. நின்றார்கள், விழித்தார்கள். ஒருத்தி மெல்லச் சொன்னாள்: "மிஸ், மோட்டாரைப் போடச் சொல்லுங்களேன்."

"எந்த மோட்டாரும்மா?" என்றார் தேர்வாளர்.

நான் வாய் திறக்கக் கூடாது; தேர்வு விதி. அப்போது குழுவிலேயே சன்னமான குரல்காரி, நாங்கள் "கொசு" என்று கூப்பிடும் பெண், கண்ணை மூடி ஒரே ஒரு சுரத்தைப் பிடித்தாள். பக்கத்தில் நின்றவள் தன் குரலை இறக்கி அதில் வந்து சேர்ந்தாள். அடுத்தவன் சேர்ந்தான். உரத்த குரல்காரன் தன் குரலைப் பாதியாக்கிக்கொண்டான், கொசுவின் குரல் கேட்க வேண்டும் என்பதற்காக. யார் சொன்னார்கள் அவனுக்கு? யார் கற்றுக்கொடுத்தார்கள்?

பாட்டு முடிந்ததும் தேர்வாளர் பேனாவை மூடிவிட்டு என்னிடம் சொன்னார்: "பாட்டுக்கு மார்க் போட்டுட்டேன் டீச்சர். இதுங்க ஒருத்தரை ஒருத்தர் கேட்டுச்சுங்களே, அதுக்கு எங்க போடுறது?"

பெரியோர்களே, பேசக் கற்றுக்கொடுக்கிறோம், போட்டியிடக் கற்றுக்கொடுக்கிறோம், முந்தக் கற்றுக்கொடுக்கிறோம். அடுத்தவன் குரலுக்கு இடம்விட எந்தப் பாடத்தில் கற்றுக்கொடுக்கிறோம்? வீட்டுக்கு வீடு, அலுவலகத்துக்கு அலுவலகம், நாம் களைத்துப்போவது வேலையாலா? சொன்னது கேட்கப்படாமல் போவதாலா?

மெக்கானிக் ஐயா எழுந்துவிட்டார். சொல்லுங்கள்.

"நான் என்னத்தைச் சொல்ல டீச்சர்? அவளையே கேளுங்க."

இத்தனை ஆண்டு இந்த மேடையில் பேசியிருக்கிறேன். பெற்றோர் கேட்டார்கள், நிர்வாகம் கேட்டது, நான் பதில் சொன்னேன். பிள்ளையைக் கேளுங்கள் என்று யாரும் சொன்னதில்லை. முன்னால் வாம்மா. வெட்கப்படாதே, அப்பாவைப் பார்த்தே சொல்.

"ரெண்டே வருஷம்ப்பா. அதுக்கப்புறம் நீங்க சொல்றதைப் படிக்கிறேன்."

கேட்டீர்களா? வாழ்நாளைக் கேட்கவில்லை, வசதியைக் கேட்கவில்லை. பதினாறு வயதில் ஒரு பிள்ளை பேரம் பேசுகிறாள், இரண்டு ஆண்டுகளுக்கு. இதற்குமேல் நான் பேசினால் அது அதிகப்பிரசங்கம்.

ஐயா தலையசைத்துவிட்டார். தலைமையாசிரியை அவர்களே, பார்த்துக்கொண்டீர்கள் அல்லவா? வகுப்பைத் திறந்துவிடுங்கள்.

அலுப்போடு வந்தும் அமைதியாய் அமர்ந்திருந்த உங்கள் செவிகளுக்கு என் நன்றி. எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.