மறைத்து வைத்த ஒன்பது மாதங்கள்

மலாயா விடுதலை பெற்ற மெர்டேக்கா நாளின் முதலாண்டு விழாவுக்குத் தலைமை தாங்கி, ஆஸ்பத்திரித் தாதியான என்னையும் மேடையேற்றியிருக்கும் பெரியவர் அப்பாசாமி அவர்களே! காஜா பெராங் வாழ் பெரியோர்களே! கிளேபாங்கிலிருந்து பிள்ளைகளை இடுப்பில் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! பந்தலுக்கு வெளியே நிற்கும் தோழர்களே! விஜயாவின் வணக்கம்.

விடுதலையைப் புகழ்ந்து பேச அழைத்தீர்கள். மன்னியுங்கள், நான் கோபத்தோடு வந்திருக்கிறேன்.

பேருந்து ஓட்டும் மருதமுத்துவின் மனைவி சந்திரமதியை அறிவீர்கள். அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். மார்பில் புளியங்கொட்டை அளவு ஒரு கட்டி. கணவரிடம் சொன்னார். கணவர் தம் அண்ணன் கலியாணசுந்தரத்திடம் சொன்னார். அண்ணன் என்ன சொன்னார்?

"பொம்பள மார்ப டாக்டர் தொடுறதா? வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்லா!"

பச்சிலை கட்டினார்கள். மலாய் மந்திரவாதியான போமோவை அழைத்து மந்திரித்தார்கள். கட்டி கரையவில்லை; காலம் கரைந்தது. ஒன்பது மாதம்! புற்று முதுகெலும்பில் புகுந்தது. நிற்க முடியாமல் விழுந்த பிறகே தூக்கி வந்தார்கள். மானம் காத்தவர்களே, யாரைக் காத்தீர்கள்?

டாக்டர் சொன்னார்: "இவ்வகைக் கட்டிகளில் சில தாமாக வளர்வதில்லை. கருமுட்டை உண்டாகும் சூற்பையில் சுரக்கும் ஒன்று, இரத்தத்தோடு போய் 'வளர்' என்று ஏவுகிறது. அந்த ஏவலைக் கட்டி எப்படிக் கேட்கிறது என்பது இன்னும் புரியவில்லை. உயிரணுவில் ஏதோ ஒரு செவி இருக்க வேண்டும், தேடுகிறார்கள். சூற்பையை எடுத்தால் ஏவல் நிற்கும். ஆனால் மூன்றில் ஒருவருக்கே பலிக்கும். கணவர் கையெழுத்து வேண்டும்."

மருதமுத்து தம் அண்ணனின் முகத்தைப் பார்த்தார். "அத எடுத்துட்டா அப்புறம் அவ பொம்பளையா?" என்றார் அண்ணன்.

யாரய்யா அங்கே சிரிப்பது? சிரிக்காதீர்கள்! உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி உண்டு.

படுத்திருந்த சந்திரமதி முழங்கை ஊன்றி எழுந்தார். "என் வலிய உங்கண்ணனா படுறாரு? பேனாவ இங்க கொடுங்க" என்றார். முதல் கையெழுத்து அவருடையது. அதற்குக் கீழே, தலை கவிழ்ந்து, கணவர் போட்டார்.

பலித்தது, தாய்மார்களே! சூற்பையை எடுத்த மூன்றாம் வாரம் வலி தணிந்தது. இரண்டாம் மாதம் நடந்தார். கட்டியும் சுருங்கியது. முழுக் குணம் என்று டாக்டர் சொல்லவில்லை. "முன்பே வந்திருந்தால்..." என்றார்.

இதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். நிற்க இடமில்லாத கூட்டத்தில் அவருக்கு இருபுறமும் நாற்காலி ஏன் காலி? ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சமா? புற்று ஒட்டாது! ஒட்டுவது உங்கள் அறியாமைதான்! அன்றாடம் அவருக்குக் கட்டு மாற்றிய கை இது, பாருங்கள்!

யார் எழுவது? நூர்ஜஹான் அக்காவா? என்ன சொல்கிறீர்கள்? "தள்ளுங்க, நான் உக்காருறேன்" என்கிறாரே! உட்காருங்கள் அக்கா! கோகிலா, நீயுமா? வா, அம்மா, வா!

கட்டியை மறைத்தபடி இந்தக் கூட்டத்தில் ஒருத்தி இருக்கலாம். அவளுக்குச் சொல்கிறேன்: நாளைக் காலை ஆஸ்பத்திரிக்கு வா. எவரிடமும் அனுமதி கேட்காதே. வாசலில் நான் நிற்பேன்.

என் சினத்தைப் பொறுத்துக் கேட்ட அவைக்கு நன்றி. சந்திரமதிக்கு என் வணக்கம்.