ரெண்டு கார்டு கேமரா

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பேருந்தில், எனக்கு முன் சீட்டில் பட்டுவேட்டியோடு மாப்பிள்ளையின் அப்பா. பக்கத்தில், மடியில் கேமரா பையோடு கல்யாண வீடியோக்காரர்.

"நான் பந்தியில பேசுனத மட்டும் அழிச்சிடுப்பா."

"என் கார்டுல அழிச்சிட்டேங்ணா. ஆனா இந்த கேமராவுல ரெண்டு கார்டு. ஒரே நேரத்துல ரெண்டுலயும் ஏறிடும்."

"இன்னொன்னு எங்க?"

"பொண்ணு வீட்ல வாங்கிட்டாங்க. ஒரு கார்டுன்னா அவங்களே வெச்சிக்குவாங்க, வீட்டுக்கு ஒண்ணு வேணும்னு இந்த கேமராவக் கேட்டதே நீங்கதானேங்ணா."

நான் காதை அங்கேயே விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். சூளகிரி வந்தபோது மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போன் அடித்தது.

"சொல்லுங்க சம்பந்தி... என்னது? மாங்கா வெளையற ஊர்ல பொண்ணு எடுத்தும் பாக்கெட் ஜூஸ்தான் ஊத்துறாங்கன்னு நான் சொன்னேனா? ஐயையோ, அது பக்கத்து எலையில உக்காந்தவரு குரலுங்க!"

வீடியோக்காரர் அவர் காதோரம் குனிந்தார்.

"அண்ணா, குரல் மட்டும் இல்ல. இது ஹெச்டி. உங்க மீசையில ஒட்டியிருந்த கறிவேப்பிலை வரைக்கும் தெளிவாத் தெரியும்."