வலது பையில் பதினோரு சாவிகள்

"தரையப் பாருடி, அந்தத் தரையப் பாரு..."

"தரை எங்கயும் ஓடிப் போயிடாதுக்கா, நீ மொதல்ல இவ மூஞ்சிய..."

"காலையிலேருந்து ரெண்டு தடவ துடைச்சாச்சு. ரெண்டு தடவ."

"இவ மூஞ்சியப் பாருன்னு சொல்றேன். பல்லு மட்டுந்தான் வெள்ளையா தெரியுது. எப்படிச் சிரிக்கிறா பாரு."

"சிரிப்பா இது? மாடி வரைக்கும் கேக்குது."

"கேக்கட்டுமே. குழந்தைங்க இருக்கற வீட்ல சத்தம் நின்னாத்தான்கா எழுந்து போய்ப் பாக்கணும்."

நானும் என் தங்கையும் கடைசியாகப் போட்ட சண்டை இது. ஒரு வாளிச் சேற்றுக்காக. எங்கே ஆரம்பித்ததோ அங்கிருந்து எழுதுங்கள் என்று சொல்லிக் காகிதம் கொடுத்தீர்கள். யோசித்துப் பார்த்தால் இங்கிருந்துதான் என்று தோன்றுகிறது. அந்தக் குழந்தை நாற்பது நாளாக ஒரு வார்த்தை பேசவில்லை, அவளிடம் நான் சொன்னதும் செய்ததும் ஒன்று விடாமல் தெரிந்தால்தான் மேற்கொண்டு வைத்தியம் பார்க்க முடியும் என்று டாக்டர் சொன்னாராமே. மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நீங்கள் சிரமப்படாமல் படிக்கலாம்.

நான் இருபத்தாறு வருடம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். காதில் கருவியை மாட்டிக்கொண்டால் எட்டு மணி நேரம் ஊரார் குரல்தான். கம்பியைச் செருகினால் பேசுவார்கள், பிடுங்கினால் நின்றுவிடுவார்கள். கோபத்தில் ஒரு நாளும் பிடுங்கியதில்லை. ஓர் அழைப்புக்கு மூன்று நிமிடம் என்றால் மூன்று நிமிடம், அவ்வளவுதான். ஒருமுறை ஒருவர் தன் அம்மா சாகக் கிடப்பதைத் தம்பிக்குச் சொல்ல ஆரம்பித்தார். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. பிடுங்கினேன். அந்த மாதம் மேலதிகாரி எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தங்கையோடு சேர்ந்து குழந்தைகள் காப்பகம் ஆரம்பித்தேன். வாடகை வீட்டின் கீழ்த்தளம், இரண்டு அறை, பின்னால் ஒரு முற்றம், முற்றத்து மூலையில் தகரக் கூரை போட்ட சாமான் அறை. பதினோரு குழந்தைகள், மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள். என்னைப் பெரியம்மா என்றும் அவளைச் சின்னம்மா என்றும் கூப்பிடுவார்கள். சாப்பாடு, துணி, தரை, நேரம் எல்லாம் என் பொறுப்பு. விளையாட்டு அவள் பொறுப்பு.

அவள் விளையாட்டு எப்படி இருக்கும் என்று சொன்னால்தான் என் நியாயம் உங்களுக்குப் புரியும். காலையில் முற்றத்தில் ஒரு வண்டி மண்ணைக் கொட்டி நடுவில் தண்ணீர்க் குழாயைப் போட்டுவிடுவாள். பழைய சட்டி மூடிகள், தகர டப்பாக்கள், கரண்டிகள் எல்லாவற்றையும் பரப்பி வைப்பாள். பிறகு ஓரமாக உட்கார்ந்துகொள்வாள். இதைச் செய், அதைச் செய்யாதே என்று ஒரு சொல் வராது. ஒருவன் மண்ணில் உருண்டுகொண்டிருப்பான். ஒருத்தி குழாயை இன்னொருத்தியின் கழுத்துக்குள் விடுவாள். சுவரெல்லாம் கை அச்சு. அழுக்காகாத சட்டை கடையில்தான் இருக்க வேண்டும் என்பாள் என் தங்கை.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி தையற்காரியின் மகள். நான்கு வயது. தூங்கும்போது தவிர வாய் ஓயாது. ஒரு மூடியை மடியில் வைத்துக்கொண்டு கரண்டியால் தட்டி, வாய்க்கு வந்ததைப் பாடுவாள். என் தங்கை அவளுக்கு டமாரம் என்று பட்டம் வைத்திருந்தாள். குழந்தைக்கு அதில் ஒரே பெருமை. பேர் கேட்பவர்களிடமெல்லாம் டமாரம் என்றே சொல்லும்.

மாடியில் வீட்டுச் சொந்தக்காரர் இருந்தார். அவர் மனைவி படுத்த படுக்கை. நோயாளி இருக்கிற வீட்டில் இப்படிச் சத்தம் போடலாமா என்பதுதான் என் கேள்வி. நான் என் சுகத்துக்காகக் கேட்கவில்லை.

சேற்றுச் சண்டைக்கு மறுநாள் என் தங்கை தன் மகளின் பிரசவத்துக்குப் புறப்பட்டாள். பதினைந்து நாள். வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "விளையாட விடுக்கா. வேற ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா விடு," என்றாள். அவள் தெருமுனை திரும்பியதும் மூடிகளையும் டப்பாக்களையும் சாமான் அறையில் போட்டேன். முற்றத்தைக் கழுவினேன்.

நான் ஒரு குழந்தையையும் அடித்ததில்லை. அதட்டியதுகூட இல்லை. இந்த வரியை அடிக்கோடிட்டிருக்கிறேன். நானும் அவர்களுக்கு ஒரு விளையாட்டுதான் சொல்லிக்கொடுத்தேன்.

ஒவ்வொருவர் வாயிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூட்டு இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு வரிசையாக வந்து உதட்டோரம் சாவியைத் திருப்பிப் பூட்டிவிட்டு, சாவியை என் உள்ளங்கையில் வைக்க வேண்டும். நான் அதை என் நீல மேலங்கியின் வலது பையில் போட்டுக்கொள்வேன். மாலை ஐந்து மணி அடிக்கும்போது ஒவ்வொருவர் சாவியையும் அவரவர் கையில் கொடுப்பேன். திருப்பித் திறந்துகொண்டு வீட்டுக்குப் போகலாம். சாப்பிட வாய் திறக்கலாம், அது கணக்கில்லை. ஒன்றுக்குப் போக வேண்டுமானால் விரலைத் தூக்கினால் போதும்.

குழந்தைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கண்ணை உருட்டிக்கொண்டு, இல்லாத சாவியை எவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்து வைப்பார்கள் தெரியுமா? ஒரு குட்டிப் பையன் தன் சாவி கனமானது என்று இரண்டு கையாலும் தூக்கி வருவான்.

மூன்றாம் நாள் அதே பையன் சாவி இல்லாமல் கிசுகிசுத்துவிட்டான். அப்போது ஒரு கதை சொன்னேன். சாவி இல்லாமல் பூட்டை உடைத்தால் குரல் உடைந்து வயிற்றுக்குள் விழுந்துவிடும். பிறகு எவ்வளவு கத்திக் கூப்பிட்டாலும் அம்மா காதில் விழாது. காதில் விழாவிட்டால் அம்மா கூட்டிப் போக வரமாட்டாள். கதைதானே. பூச்சாண்டி கதை சொல்லாத வீடு உண்டா?

முதல் வாரம் முடிவதற்குள் தரை கண்ணாடியாக இருந்தது. பெற்றவர்கள் எல்லாருக்கும் சந்தோஷம். சட்டையில் ஒரு கறை இல்லை, வீட்டிலும் சொன்ன பேச்சு கேட்கிறார்கள், என்ன மாயம் செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். நான் சிரித்துக்கொள்வேன்.

இரண்டாவது வாரம் வீட்டுச் சொந்தக்காரர் மெல்லப் படியிறங்கி வந்தார்.

"என்னம்மா, பிள்ளைங்க யாரும் வர்றதில்லையா? என் வீட்டுக்காரி ஜன்னல் பக்கம் காதை வெச்சுக்கிட்டே கிடக்கறா. டமாரம் பாட்டைக் காணோமேன்னு நேத்து சரியாவே சாப்பிடல."

பாடம் நடக்கிறது என்றேன். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறிப் போனார். இவர்களுக்காகத்தானே இவ்வளவும் என்று நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

டமாரம் மற்றவர்களைவிடக் கஷ்டப்பட்டாள். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். உதட்டை இறுக்கி இறுக்கிக் கன்னம் உப்பிவிடும். அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு குழந்தை தும்மியதும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். பெரிய சிரிப்பு, மாடி வரைக்கும் கேட்கிற சிரிப்பு. ஐந்து மணிக்குப் பத்துச் சாவிகளைத்தான் திருப்பிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை தையற்காரி மகளை விடும்போது, "ரெண்டு நாளா வாயே திறக்கலம்மா. வயித்து வலியான்னு கேட்டா தலையை மட்டும் ஆட்டறா. என் மேல ஏதாச்சும் கோவமா இருக்குமோ?" என்று கேட்டாள். அடக்கம் வந்திருக்கிறது, நல்லதுதானே என்றேன். அவள் நம்பினாள். குழந்தை கையை விரித்து நீட்டிக்கொண்டே நின்றாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டு, ஐந்து மணிக்கு என்று சொன்னேன்.

அன்று பதினோரு மணிக்குத் துடைப்பம் எடுக்கச் சாமான் அறையைத் திறந்தேன். முற்றத்தைப் பெருக்கிவிட்டு வந்து துடைப்பத்தை வைத்து, வெளியே தாழ்ப்பாள் போட்டுப் பூட்டினேன். நல்ல வெயில். தகரம் தொட முடியாமல் சுட்டது.

பூட்டும்போது கதவுக்கு வெளியே ஒரு ஜோடிச் சிவப்புச் செருப்பு கிடந்தது. சிறியது. அதை எடுத்துப் போய் வாசலில் மற்றச் செருப்புகளோடு வரிசையில் நேராக வைத்தேன்.

முதலில் கொடுத்த வாக்குமூலத்தில் இதைச் சொல்லவில்லை. நீங்கள் செருப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

அவள் தட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கூப்பிட்டால் திறந்திருப்பேன், சத்தியமாக. பன்னிரண்டு மணி சுமாருக்கு மூடி ஒன்று எதன் மேலோ பட்டு, 'ணங்' என்று ஒரு சத்தம் வந்தது. ஒரே ஒரு சத்தம். கதவருகில் போனேன். "டமாரம், சாவி யார்கிட்ட இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டேன். அதோடு நின்றுவிட்டது. அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது. அவளையே வழிக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அன்று தையற்காரிக்கு வேலை சீக்கிரம் முடிந்து நான்கு மணிக்கே வந்துவிட்டாள். அதே நேரம் ஊரிலிருந்து என் தங்கையும் பையோடு வந்து இறங்கினாள். குழந்தையைக் காணோம் என்றதும் தெருவே கூடிவிட்டது. ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். வீட்டுச் சொந்தக்காரர் அந்த வயதில் சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தார். டமாரம், டமாரம் என்று எல்லாரும் கத்தினார்கள். முற்றத்தில் நின்றும் கத்தினார்கள். அவளுக்குக் கேட்டிருக்கும்.

என் தங்கை குழந்தைகள் முன்னால் மண்டியிட்டு ஒவ்வொருவராகக் கேட்டாள், எங்கேடா அவள், பார்த்தாயா, பார்த்தாயா என்று. ஒருவரும் வாய் திறக்கவில்லை. பத்துப் பேரும் என் வலது பையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஷெட்ல பாத்தியாக்கா?"

பூட்டியிருக்கிறது என்றேன். அது உண்மை. நான் பொய் சொல்லவில்லை.

ஐந்து அடித்தது. நான் போய்த் திறந்தேன்.

ஊரில் உள்ள சத்தமெல்லாம் போடக்கூடிய சாமான்களுக்கு நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் செக்கச் சிவந்திருந்தது. மூடி மடியில் இருந்தது, கரண்டி கையில் இருந்தது. இரண்டுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி. எவ்வளவு நேரம் அப்படிப் பிடித்திருந்தாளோ. என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள், சத்தம் வராமல், துணியை வைப்பது போல. பிறகு கையை நீட்டினாள்.

கொடுக்கத்தான் போனேன். என் கை பைக்குள் போய்விட்டது. அதற்குள் அவள் அம்மா என்னை இடித்துத் தள்ளி, குழந்தையை வாரிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டாள். கொடுக்காதது என் தவறு இல்லை. உயிருக்கு ஆபத்து இல்லை என்று மறுநாள் கேள்விப்பட்டபோது, இவ்வளவு அமர்க்களம் எதற்கு என்றுதான் தோன்றியது.

இங்கே காவலில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அமைதியான இடம். ஆனால் பன்னிரண்டு மணி சுமாருக்கு 'ணங்' என்று கேட்கிறது. தினமும். பக்கத்தில் சமையலறை இருக்கிறதா என்று காவலுக்கு இருக்கிற பெண்ணிடம் கேட்டேன். இல்லையாம். ஒரே ஒரு தடவைதான் கேட்கும். அடுத்தது எப்போது என்று காத்துக்கொண்டே இருப்பேன், வராது. தொலைபேசி நிலையத்தில் அத்தனை வருடம் அத்தனை குரல் கேட்டேன், ஒன்றுகூட வீடு வரை வந்ததில்லை.

நேற்று நடந்ததையும் எழுதச் சொன்னீர்கள். நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன்.

குழந்தையை அழைத்து வந்தீர்கள். இளைத்துப் போயிருந்தாள். சட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. என் தங்கை ஒரு வாளியில் சேறு குழைத்துக் கொண்டுவந்து, இந்தப் பளிங்குத் தரையில் கவிழ்த்தாள். கூடவே அந்த மூடியும் கரண்டியும். நீங்கள்கூடத் தடுக்கவில்லை. என் தங்கையே முழங்கை வரை சேற்றில் அளைந்து, மூடியைத் தட்டி, தப்புத் தப்பாக அந்தப் பாட்டைப் பாடிக் காட்டினாள். அந்த வயதில் ஒருத்தி செய்கிற காரியமா? பாதியில் குரல் உடைந்து அழுதுவிட்டாள். என்னை ஒரு தடவைகூட அக்கா என்று கூப்பிடவில்லை.

குழந்தை சேற்றைச் சுற்றிக்கொண்டு, பாதம் படாமல், நேராக என்னிடம் வந்தாள். முன்னால் நின்று உள்ளங்கையை விரித்தாள்.

தையற்காரி சுவரோடு ஒட்டி நின்றாள். "இருக்கோ இல்லியோ, அதக் குடுத்துடுங்கம்மா. உங்கள ஒண்ணும் சொல்லமாட்டேன். கேஸ்கூட வேணாம். அதக் குடுத்துடுங்க," என்றாள்.

இப்போது என்மேல் மேலங்கி இல்லை. ஆனால் அந்தச் சாவி என் கையில்தான் இருந்தது. குழந்தையின் கண்கள் என் மூடிய விரல்களை விட்டு அசையவில்லை. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். சேற்றிலிருந்து தண்ணீர் பிரிந்து தரையில் ஓடும் சத்தம்கூடக் கேட்டது. அப்படி ஓர் அமைதியை நான் என் வாழ்நாளில் அனுபவித்ததில்லை.

உங்கள் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றே கால்.

"இன்னும் அஞ்சு மணி ஆகலையே, கண்ணு."