நாற்பத்தொன்றாம் எண் தேன்

பெயர் நெஷா கொரோஷெட்ஸ், வயது 34, ஸ்லோவேனியா நாட்டில் ராடோவ்லிட்சா நகரில் குடியிருக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக ஒரு தேன் ஆய்வகத்தில் வேலை. தேனுக்குள் அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, வரும் வரைகோட்டைப் பார்த்துக் கலப்படம் உண்டா இல்லையா என்று எழுதுவது என் பணி. மாதிரிக் குப்பிகளில் எண் மட்டுமே இருக்கும். யாருடைய தேன் என்று எங்களுக்குத் தெரியக் கூடாது.

ஜூலை 14 அன்று என் அண்ணன் பிளாஷ் தொலைபேசியில், "ஏய் கழுதை, நாப்பத்தொண்ணு என்னோடது. வெளிச்சத்துல வைக்கிறதுக்கு முன்னாடி நக்கித் தீத்துடாதே" என்றார். ஜனவரியில் அண்ணி யெர்னேயா இறந்த பிறகு அவர் கேலி பேசியது அன்றுதான்.

அதன் பிறகு 41ஐ அளந்தேன். சர்க்கரைப் பாகு இருந்தால் எழும் மேடு கோட்டில் இருந்தது. தேன் வைக்கும் கண்ணாடியைக் கழுவி இன்னும் இரண்டு முறை அளந்தேன். அப்போதும் இருந்தது. அறிக்கை போனால் தேனீ வளர்ப்போர் சங்கத்தில் அவர் பெயரை அடித்துவிடுவார்கள். அண்ணனிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

அதன் பிறகு, அண்ணி கடைசியாக எடுத்துக் கொடுத்த தேனை என் வீட்டு அலமாரியிலிருந்து கொண்டுபோய், 41ஆம் குப்பியைக் காலி செய்து அதில் ஊற்றி, மறுபடி அளந்து, தூயது என்று கையெழுத்திட்டேன். மாதிரி எடுத்த அதிகாரியிடம் அதே தேன் உள்ள, முத்திரையிட்ட இரண்டாம் குப்பி உண்டு. பத்தில் ஒன்றைத்தான் வேறு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். 41ஐ அனுப்பினார்கள். அங்கே பாகு தெரிந்தது, நான் குப்பியை மாற்றியதும் வெளிப்பட்டது.

அதன் பிறகு அண்ணன் என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, நின்றபடியே நடந்ததைச் சொன்னார். குளிர்காலத் தீனியாகத் தேனீக்களுக்குப் பாகு ஊட்டிய கூட்டுச் சட்டங்களில் சிவப்புக் குண்டூசி குத்தி வைப்பது அண்ணியின் வேலை. கோடையில் அவற்றை ஒதுக்கிவிட்டு மற்றவற்றில் தேன் எடுப்பார்கள். போன இலையுதிர் காலத்தில் அண்ணி படுக்கையில் இருந்தார். அண்ணன் இந்த வருடமும் குண்டூசி இல்லாத சட்டங்களைத்தான் எடுத்தார். ஆனால் குத்த ஆளில்லாததால் எதிலுமே குண்டூசி இல்லை.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேடி. தப்பு என்னோடது. அதைத் திருட்டா ஆக்கினது நீ" என்றார். படியிறங்கிப் போனவர் திரும்பி, "அவ எடுத்த தேன் எங்கிட்ட ஒரு பாட்டில்கூட இல்ல. உன்னோடது இருக்குல்ல?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

மறுநாள் அந்தப் பாட்டிலை நானே இந்தக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். அடியில் இரண்டு விரல் தேன் மிச்சம். அதில் ஒட்டிய சீட்டில் இருப்பது அண்ணியின் கையெழுத்து. குப்பியை மாற்றியதில் அண்ணனுக்குப் பங்கில்லை. எதை ஊற்றினேன் என்பதும் அவருக்குத் தெரியாது. வழக்கு முடிந்ததும் பாட்டிலை எனக்குத் தராமல் அவரிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான், உண்மைதான். யாரும் சொல்லித்தரவில்லை.

(ஒப்பம்) நெஷா கொரோஷெட்ஸ்