இதயச் சுவரில் ஒரு துளை

குளிர்காலம்தான் எனக்கு ஒத்துக்கொள்ளும். மொந்தெரிவாவில் எல்லாரும் பனியைத் திட்டிக்கொண்டு கணப்பை விட்டு நகராதபோது, நான் மட்டும் உற்சாகமாகக் கல்லூரிக்குக் கிளம்பிவிடுவேன். பிணம் கெடாமல் நான்கு நாள் தாங்கும் காலம் அது ஒன்றுதான், நீதிபதி அவர்களே. உங்கள் எழுத்தர் நிதானமாகவே எழுதட்டும். எனக்கு அவசரம் இல்லை.

பாடம் நடக்கும் முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். தூக்கில் போட்ட வெளியூர்க் குற்றவாளி ஒருவனை மேசையில் கிடத்துவார்கள். நான் உயரமான நாற்காலியில் அமர்ந்து பழைய கிரேக்க வைத்திய நூலை வாசிப்பேன். கீழே நாவிதன் பொர்த்தொலோ அறுப்பான். பேராசிரியன் கத்தியைத் தொடுவது கௌரவக் குறைச்சல். இருபத்தாறு ஆண்டுகளாக ஒரு குறையும் வந்ததில்லை.

ஒன்றே ஒன்று உண்டு. இதயத்தின் நடுச்சுவரில் சிறு துளைகள் இருக்கின்றன, அவற்றின் வழியாகத்தான் ரத்தம் வலப்புறத்திலிருந்து இடப்புறம் போகிறது என்கிறது நூல். அந்த வரி வரும்போதெல்லாம் பொர்த்தொலோ தலையைச் சொறிவான்.

"துளையே இல்லீங்களே ஐயா. சுவரு கெட்டியா மாட்டுத் தொடை மாதிரி இருக்கு."

"நல்லாப் பாருடா."

"பாத்துட்டேங்க. வேணும்னா நீங்களே எறங்கி வந்து பாருங்களேன்."

வெனிஸிலிருந்து வந்த மாணவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது, மறைப்பதற்கில்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டு நிலைத்த நூல் பொய், ஒரு நாவிதனின் கண் மெய்யா? யோசித்தேன். விடை எளிதாகவே கிடைத்தது. நூலில் பிழை இல்லை, பிணத்தில்தான் பிழை. திருடனுக்கும் கொலைகாரனுக்கும் பாவத்தால் துளைகள் அடைபட்டுப் போயிருக்கும். எனக்கு நல்ல மனிதர்கள் வேண்டியிருந்தார்கள். நல்லவர்களைத் தூக்கில் போடும் வழக்கம் நம் ஊரில் இல்லை என்பதுதான் இடைஞ்சல்.

என் நோயாளிகளில் நல்லவர்கள் இருந்தார்கள். அவர்களில் முதல் ஆள், இருமலோடு வந்த துறவி ஜெலாசியோ. இனிப்பு ஒயினில் அபின் கலந்து கொடுத்தேன். யாருக்கும் வலிக்கக் கூடாது, அதில் நான் கண்டிப்பானவன். சளி முற்றி இறந்தார் என்று எழுதிவிட்டு, கல்லூரிப் பின்னறையில் பொர்த்தொலோவை அறுக்கச் சொன்னேன். துளை இல்லை. துறவிகளின் பக்தி பல நேரம் மேலோட்டமானது என்று புரிந்துகொண்டேன்.

அடுத்தவள் விதவை லூசியெத்தா. அனாதைப் பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டுக் கொடுப்பவள். முழங்கால் வலிக்கு மருந்து கேட்டு வந்தாள். மறுநாள் பின்னறையில் துணியை விலக்கியதும் பொர்த்தொலோவின் கை நின்றுவிட்டது.

"ஐயா, இந்தம்மா நேத்துக் காலைல சந்தையில மீன்காரன உண்டு இல்லைன்னு ஆக்கிச்சே! அதுக்குள்ள எப்படிங்க?"

"இதயம் பலவீனம். நீ அறு."

அழுதுகொண்டே அறுத்தான். வெகுநேரம் உற்றுப் பார்த்தான்.

"இதுலயும் இல்லீங்க ஐயா. நூலுதான் தப்பு. நாளைக்குப் பாடத்துல எல்லார் முன்னாடியும் நானே சொல்லிடறேன்."

எனக்குப் பகீரென்றது. ஆனால் அந்த நிமிடமே மனம் நெகிழ்ந்தும் போனது. இத்தனை ஆண்டுகளில் என் முகத்துக்காக ஒரு தடவைகூடப் பொய் சொல்லாதவன் இவன். ஊரிலேயே நேர்மையான இதயம் என் கண்ணெதிரில் கத்தியும் கையுமாக நின்றிருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. நீ சொல்வதே சரி என்று தோளைத் தட்டி, குளிருக்கு இதமாக ஒரு கோப்பை ஒயின் கொடுத்தேன்.

"ஐயா கோவிச்சுக்குவீங்களோன்னு பயந்துட்டேங்க" என்று சொல்லிவிட்டுக் குடித்தான்.

அறுக்க வேறு ஆள் இல்லை. அதனால் வாழ்க்கையில் முதன்முறையாக நானே கத்தியை எடுத்தேன். பழக்கமில்லாத கை, ஓரிரு இடத்தில் வழுக்கியது. ஆனால் நடுச்சுவரைப் பிரித்துப் பார்த்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துளை இருந்தது.

என்னை யாரும் பிடித்து வரவில்லை, நானாகவே வந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மூவரையும் கொன்றவன் நான்தான். பொர்த்தொலோவின் இதயம் அந்தச் சாராய ஜாடியில் இருக்கிறது, நீங்களே பார்க்கலாம். ஒரே ஒரு துளை, என் கத்திமுனை போய்வரும் அளவுக்குக் கச்சிதமாக இருக்கிறது. பொர்த்தொலோ மட்டும் இன்று உயிரோடு இருந்திருந்தால், இதைப் பார்த்துத் தன் தவறை ஒப்புக்கொண்டிருப்பான்.