லாயிடின் அம்மா போன் வராத மத்தியானம்

"சுகர் இருக்குன்னு சொல்ல வாய் வரலையா உனக்கு? கோவில்ல ரெண்டு கல்யாண ஓலை வாசிச்சாச்சு, லாயிட்."

"கத்தாத ஐரின். எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நேத்து படிக்கட்டுல விழுந்தப்பவே பாத்துட்டாங்க."

ஐரினும் அவளுக்கு நிச்சயமான லாயிடும் ஆபீஸ் கேன்டீனில் இப்படிச் சண்டை போட்டபோது, நான் பக்கத்து மேசையில் பிஸிபேளாபாத் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல்.

ஆபீஸ் வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவியும் என்ன, யாருடையது என்று கண்டுபிடிப்பது என் வேலை. நான் குடியிருக்கும் லிங்கராஜபுரத்தில் எதிர்வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று ஜன்னலில் நின்று பார்த்தால் வம்பு. அதையே இங்கே செய்தால் சம்பளம்.

லாயிடுக்கு மத்தியானத்தில் அவன் அம்மா பியாட்ரிஸ் போன் செய்வார். பேசிவிட்டு ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வான். "அம்மா கோண்டு" என்று ஐரின்கூடக் கேலி செய்வாள். அவன் போன் ஓயாமல் பேசுவது சர்க்கரை அளக்கும் கருவி செய்கிற கம்பெனியோடு என்பது எனக்குத்தான் தெரியும். இன்சுலின் போடுகிறவன். சர்க்கரை இறங்கினால் அந்தப் போன் ஆபீஸ் வைஃபை வழியே அம்மாவுக்கு எச்சரிக்கை அனுப்பும்; அம்மா கூப்பிட்டு மிட்டாய் சாப்பிடச் சொல்வார்.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று ஓலை வாசித்த ஃபாதர் கேட்டபோதும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சிந்தியா வம்புக்காரி என்பார்கள். லாயிடுக்கு முதலில் கல்யாணம் பேசிய பெண் நான்தான் என்பதையும் கிளறுவார்கள்.

ஆகவே அந்தச் சண்டைக்கு முந்தின நாள் விதிப்படி நடந்தேன். அடையாளம் தெரியாத கருவியைத் தடுக்க வேண்டும் என்பது விதி. லாயிடின் போனுக்கு நேரே 'அடையாளம் தெரியவில்லை' என்று போட்டுத் தடுத்தேன். அவன் உட்காரும் கீழ்த்தளத்தில் டவர் எடுக்காது. அன்றைக்கு அம்மா போன் வரவில்லை.

அவன் படிக்கட்டில் தலை சுற்றி விழுந்ததும் சர்க்கரைத் தண்ணீரோடு முதலில் ஓடியவள் நான். காலையிலேயே கரைத்து வைத்திருந்தேன். "சுகர் இறங்கிடுச்சு, வழி விடுங்க" என்று சொன்னபோது ஐரின் பக்கத்தில்தான் நின்றாள். உனக்கெப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. வம்புக்காரிக்கு அது ஒரு வசதி.

மூன்றாவதான கடைசி ஓலை வாசிக்கவில்லை. ஐரின் க்ளென் என்றொருவனைக் கட்டிக்கொண்டு அடுகோடிக்குப் போய்விட்டாள். லாயிடை நான் கட்டிக்கொண்டேன். ஆகவே இனி 'அவர்'. எச்சரிக்கை இப்போது என் போனுக்கு வருகிறது. "சிந்தியா இல்லேன்னா அன்னிக்கே போயிருப்பேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

உண்மைதானே. நான் இல்லாவிட்டால் அவரை யார் காப்பாற்றியிருப்பார்கள்?